தாமஸ் லிங்கனின் நிலங்கள்

பள்ளி ஆண்டு விழா மேடைகளிலும் தன்னம்பிக்கை நூல்களிலும், இப்போது வாட்ஸ்அப்பிலும் நாம் பலமுறை கேட்டுவிட்ட கதை ஒன்று உண்டு. ஆபிரகாம் லிங்கன் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற நாளில், செல்வந்தரான அவை உறுப்பினர் ஒருவர் எழுந்து, உங்கள் தந்தை எங்கள் குடும்பத்துக்குச் செருப்புத் தைத்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னாராம். என் தந்தை தைத்த செருப்பில் குறை இருந்தால் கொண்டு வாருங்கள், அந்தத் தொழில் எனக்கும் தெரியும் என்று லிங்கன் அமைதியாகப் பதில் சொன்னாராம். உழைப்பை மதிக்கச் சொல்லும் அந்தக் கதையின் நோக்கத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அப்படியொரு நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்று கிடையாது. லிங்கனின் தந்தை செருப்புத் தைத்துப் பிழைத்தவரும் அல்லர். அவர் உழவர், தச்சர். பெயர் தாமஸ் லிங்கன். இல்லாத ஒரு தொழிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் உண்மையில் வாழ்ந்த எழுபத்து மூன்று ஆண்டுகளை நாம் மறந்துவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு நீண்ட நாளாக உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவிலும் அவருக்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. மகனின் பெருமையைச் சொல்ல வந்தவர்களில் பலர், தந்தையைச் சோம்பேறி என்றும், ஓரிடத்தில் நிலைத்து நிற்காதவர் என்றும், மகனின் படிப்புக்குத் தடையாக நின்றவர் என்றும் எழுதினார்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரமாக மேடு தெரியும் என்பதற்காகவே அவரைத் தாழ்த்தினார்களோ என்று தோன்றுகிறது. ஆனால் கென்டக்கி மாநிலத்து நீதிமன்றப் பதிவுகளும் வரிப் பட்டியல்களும் கிரயப் பத்திரங்களும் காட்டுகிற மனிதர் வேறொருவர்.

தாமஸ் 1778 ஜனவரியில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ஆபிரகாம்தான். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் 'பெயரன்' என்று நாம் சொல்வதற்கு ஏற்ப, பின்னாளில் தாமஸ் தம் மகனுக்கு அந்தப் பெயரையே இட்டார். தாமஸ் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் மலைகளைக் கடந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தது. அந்த நிலம் அதற்கு முன்பு யாருடைய வேட்டைக்காடாக இருந்ததோ அந்தப் பூர்வகுடிகளுக்கும் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கும் இடையே ஓயாத சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. 1786-இல் ஒருநாள், மூன்று மகன்களுடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்த தந்தை, காட்டோரத்திலிருந்து வந்த குண்டு பட்டு விழுந்தார். நடு மகன் ஜோசையா உதவி தேடிக் கோட்டையை நோக்கி ஓடினான். மூத்தவன் மொர்டெகாய் துப்பாக்கி எடுக்க வீட்டுக்கு ஓடினான். எட்டு வயது தாமஸ் மட்டும் தந்தையின் உடலருகே இருந்தான். அவனை நோக்கி வந்த பூர்வகுடி வீரனை மொர்டெகாய் சுட்டு வீழ்த்தினான். ஆபிரகாம் லிங்கன் 1854-இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம் மனத்தில் எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த குடும்பக் கதை இதுதான் என்கிறார். இதை அவருக்குச் சொன்னவர்களில் ஒருவர் அந்த எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த தந்தை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அன்று நடந்த சாவு ஒரு குடும்பத் துயரத்தோடு முடியவில்லை. தாமஸின் பொருளாதார நிலையையே அது தீர்மானித்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போக வேண்டும் என்ற பழைய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. தந்தை ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்திருந்தார். மொர்டெகாய் வசதியான மனிதரானார். கடைசி மகனுக்கு ஒரு காணிகூடக் கிடைக்கவில்லை. பதின்பருவத்திலேயே தாமஸ் கூலி வேலைக்குப் போனார். அலைந்து திரிந்து கூலி வேலை செய்த சிறுவன் என்றும், கல்வி என்பதே இல்லாமல் வளர்ந்தவர் என்றும், தம் பெயரை மட்டும் தட்டுத்தடுமாறிக் கையெழுத்திடுவதற்கு மேல் எழுத அறியாதவர் என்றும் 1860-இல் மகன் தம் தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். செய்தி உண்மைதான். ஆனால் எட்டு வயதில் தகப்பனை இழந்து, சட்டத்தால் நிலத்தையும் இழந்த ஒருவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க முடியும் என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை.

அந்தக் கூலிக்காரர் இருபத்தைந்து வயதில் நிலம் வாங்கினார் என்பதைத்தான் நான் முதலில் வியந்து படித்தேன். 1803-இல், ஹார்டின் கவுண்டியில் மில் கிரீக் என்ற ஓடையருகே 238 ஏக்கர் நிலத்தை 118 பவுண்டுக்குக் கிரயம் செய்தார். இடையில் தச்சுத் தொழிலையும் கற்றுக்கொண்டார். எலிசபெத்டவுன் என்ற சிறிய ஊரே அவருடைய தொழிற்களமாக இருந்தது. ஆலைகளுக்கு உத்திரம் செதுக்கினார். வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்தார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். அவர் கைப்பட்டவை என்று கருதப்படும் மூலை அலமாரிகள் சில இன்றும் இருக்கின்றன. 1806-இல் சரக்கேற்றிய தட்டைப் படகில் மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ்வரை போய் வந்து, அந்தச் சம்பாத்தியத்தில் திருமணத்துக்கு வேண்டிய துணிமணிகளை வாங்கினார்.

அந்த ஆண்டு ஜூன் 12 அன்று தாமஸுக்கும் நான்சி ஹாங்க்ஸுக்கும் திருமணம் நடந்தது. இருவரும் எலிசபெத்டவுனில் மரக்கட்டை வீட்டில் குடியேறினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் மகள் சாரா பிறந்தாள். ஊர் மனிதராக அவர் வாழ்ந்த காலம் இது. நடுவர் குழுவில் உட்கார்ந்தார். ஊர்க்காவல் படையில் பெயர் பதிந்திருந்தார். ஓர் ஆலைக்காக உத்திரங்கள் செதுக்கிக் கொடுத்தபோது, அளவு சரியில்லை என்று சொல்லி உரிமையாளர் கூலி தர மறுக்க, தாமஸ் வழக்குத் தொடுத்து வென்றார். பிற்காலத்தில் 1816-இல், சாலையின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பையும் கவுண்டி நிர்வாகம் அவரிடம் ஒப்படைத்தது. சோம்பேறியிடம் எந்த ஊரும் இதைக் கொடுக்காது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஹார்டின் கவுண்டியில் அடிமைகள் தப்பிச் செல்லாமல் கண்காணிக்கும் ரோந்துக் குழுவிலும் தாமஸ் சில காலம் நியமிக்கப்பட்டிருந்தார். பின்னாளில் அடிமை முறையை ஏற்காத பாப்டிஸ்ட் சபையில் அவரும் நான்சியும் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, அந்த அடிமைகளுக்கும் நியாயமில்லை. 1811-இல் அந்தக் கவுண்டியில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் 1,627 பேர்; வரிப் பட்டியலில் அடிமைகள் 1,007 பேர். அடிமை வைத்திருப்பவரின் நிலத்துக்குப் பக்கத்தில் தன் இரண்டு கைகளை மட்டும் நம்பி விவசாயம் செய்தவரின் நிலை என்ன என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

1808 டிசம்பரில் தாமஸ், நோலின் ஓடைப் பக்கம் சிங்க்கிங் ஸ்பிரிங் (மூழ்கும் சுனை) என்ற இடத்தில் சுமார் 300 ஏக்கர் நிலத்தை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். பாறைக்கு அடியில் ஊறி மறையும் சுனையால் அந்த நிலத்துக்கு அப்பெயர் வந்தது. 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம் அங்கேதான் பிறந்தான். மண் சத்தில்லாத மண். அதைவிடப் பெரிய சங்கடம் பத்திரத்தில் இருந்தது. கைமாறி வந்த அந்த நிலத்தின் முந்தைய உரிமையாளர் ஒருவருக்குப் பாக்கி இருந்தது; அவர் வழக்குப் போட்டார்; இறுதியில் நீதிமன்றம் நிலத்தை விற்று அந்தக் கடனை அடைக்கச் சொல்லிவிட்டது. முன்பணமாகக் கொடுத்த ரொக்கம் தாமஸுக்குத் திரும்பவில்லை. வில்லங்கம் என்ற ஒரே சொல்லில் நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்கிவிடலாம்.

கென்டக்கியின் நிலப் பதிவு முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாமஸின் வாழ்க்கைக்கு அதுவே திறவுகோல். அங்கே அரசு முன்கூட்டி நிலத்தை அளந்து கல் நட்டுப் பிரித்துக் கொடுக்கவில்லை. நிலம் வேண்டியவர் தாமே ஆளை வைத்து அளந்து, இந்த ஓக் மரத்திலிருந்து அந்தப் பாறைவரை, அங்கிருந்து ஓடை வளையும் இடம்வரை என்று நான்கெல்லை எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். மரம் விழுந்துவிடும், ஓடை தடம் மாறும், ஒருவர் எழுதிய எல்லைக்குமேல் இன்னொருவர் எழுதிவிடுவார். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவது சாதாரணமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக வழக்குகள் ஓடின. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவருக்கே நிலம் நின்றது. என் தாத்தா தம் ட்ரங்குப் பெட்டியிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து, கிழக்கே இன்னார் புஞ்சை, வடக்கே வண்டிப்பாதை என்று எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்த அச்சம் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தாமஸ் லிங்கனைப் படித்தபோது புரிந்தது.

அவர் முதன்முதலில் வாங்கிய மில் கிரீக் நிலமும் அளவுக் குழப்பத்தில் மாட்டியது. 238 ஏக்கர் என்று வாங்கிய நிலத்தை 1814-இல் 200 ஏக்கர் என்று விற்க நேர்ந்தது. 118 பவுண்டு கொடுத்தது 100 பவுண்டுக்குப் போயிற்று. இதற்கிடையில் 1811-இல் குடும்பம் நாப் கிரீக் என்ற பள்ளத்தாக்குக்கு மாறி, அங்கே சுமார் 30 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. மண் வளமானது, அருகிலேயே போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலை. மூன்றாவது பிள்ளையாக ஓர் ஆண் குழந்தை பிறந்து, தந்தையின் பெயரையே பெற்று, சில நாட்களில் இறந்துபோனது. ஆபிரகாம் லிங்கனுக்கு முதன்முதலில் நினைவில் நின்ற இடம் நாப் கிரீக்தான். ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் மக்காச்சோளம் ஊன்ற, பூசணி விதைகளைக் குழிக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டே போனதையும், மறுநாள் மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிச் சோளம், விதை, மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனதையும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பள்ளத்தாக்கில் அன்று ஒரு சொட்டு மழையும் பெய்திருக்கவில்லை.

அந்த நிலத்துக்கும் வழக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கர் தங்களுக்குரியது என்று சொல்லிக்கொண்டு, தொலைவில் பிலடெல்பியாவில் இருந்தவர்கள், தாமஸ் மீதும் அக்கம்பக்கத்து விவசாயிகள் மீதும் நிலத்தை விட்டு வெளியேற்றும் வழக்கைத் தொடுத்தார்கள். இத்தனைக்கும் 1814-ஆம் ஆண்டு வரிப் பட்டியலில், அந்தப் பகுதியின் 98 சொத்துரிமையாளர்களில் தாமஸ் பதினைந்தாவது இடத்தில் இருந்தார். உழைத்துச் சேர்த்தவர்தான் அவர். சேர்த்ததெல்லாம் காகிதத்தில் இருந்த குறையால் கரைந்தது. கென்டக்கியை விட்டதற்குக் காரணம் ஓரளவு அடிமை முறை, பெரும்பாலும் நில உரிமையில் இருந்த சிக்கல் என்று அந்த 1860-ஆம் ஆண்டுக் குறிப்பில் மகனே எழுதியிருக்கிறார். நிலைத்து நிற்காதவர் என்று தாமஸைச் சொல்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும்.

1816 டிசம்பரில், இந்தியானா தனி மாநிலமான அதே மாதத்தில், குடும்பம் ஒஹாயோ ஆற்றைக் கடந்து லிட்டில் பிஜன் கிரீக் காட்டுக்குள் வந்து சேர்ந்தது. அங்கே நிலம் கூட்டரசினுடையது. 1785-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு மைல் சதுரமான பகுதிகளாகவும், அவற்றை 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் முன்கூட்டியே அளந்து எண் இட்டிருந்தார்கள். மரத்தையும் பாறையையும் நம்ப வேண்டியதில்லை. 1817 அக்டோபரில் தாமஸ் வின்சென்ஸ் ஊரிலிருந்த நில அலுவலகத்துக்குப் போய் ஒரு காற்பிரிவை, அதாவது 160 ஏக்கரை, ஏக்கருக்கு இரண்டு டாலர் வீதம் பதிவு செய்தார். ஆண்டு முடிவதற்குள் முதல் தவணையான 80 டாலரையும் கட்டினார். மீதித் தவணையை முழுவதும் கட்ட முடியாமல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 80 ஏக்கருக்கு முழு உரிமைப் பட்டா பெற்றார். யாரும் வழக்குப் போட முடியாத நிலம் அவருக்கு வாய்த்தது ஐம்பதை நெருங்கும் வயதில்தான்.

அந்த நிலத்துக்கு அவர் கொடுத்த விலை டாலரில் மட்டும் இல்லை. வெள்ளைப் பாம்புவேர்ச் செடி என்று அங்கே அழைக்கப்படும் ஒரு காட்டுச் செடியை மேய்ந்த பசுவின் பாலைக் குடித்தவர்கள் நடுக்கமும் வாந்தியும் கண்டு சில நாட்களில் இறந்தார்கள். பால் நோய் என்று பெயரிட்டிருந்தார்கள். காரணம் அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1818 இலையுதிர் காலத்தில் நான்சியின் நெருங்கிய உறவினர்களான ஸ்பாரோ தம்பதியர் அந்த நோயில் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று நான்சியும் இறந்தார். சவப்பெட்டி செய்யும் தச்சர் தாமஸ்தான். பலகைகளை அவர் அறுத்து இணைக்க, ஒன்பது வயது ஆபிரகாம் மரமுளைகளைச் சீவிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். இந்த இடத்தில் நான் எப்போதும் தாமஸையே நினைக்கிறேன். பிறருடைய வீட்டுச் சாவுக்குச் செய்து பழகிய கை அன்று எப்படி வேலை செய்திருக்கும்?

ஓர் ஆண்டுக்கு மேல் அந்த வீடு தாயில்லாமல் இருந்தது. சாராவுக்குப் பன்னிரண்டு வயது. சமையலும் வீட்டு வேலையும் அவள் தலையில் விழுந்தன. 1819-இல் தாமஸ் எலிசபெத்டவுனுக்குத் திரும்பிப் போய், தமக்கு முன்பே அறிமுகமான, கணவரை இழந்த சாரா புஷ் ஜான்ஸ்டனைச் சந்தித்தார். அந்த அம்மையாருக்கு ஊரில் சில்லறைக் கடன்கள் இருந்தன. அவற்றை அடைத்துவிட்டு, டிசம்பர் 2 அன்று தாமஸ் அவரை மணந்துகொண்டார். எலிசபெத், மட்டில்டா, ஜான் என்ற தம் மூன்று பிள்ளைகளோடும், படுக்கை விரிப்புகளோடும், விலையுயர்ந்த மர மேசைப்பெட்டி ஒன்றோடும் அவர் இந்தியானாவுக்கு வந்தார். நான்சியின் உறவினரான டென்னிஸ் ஹாங்க்ஸையும் சேர்த்து ஓரறை வீட்டில் எட்டுப் பேர். வந்த கையோடு பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துணி மாற்றினார். மண் தரைக்குப் பலகை பாவவும், கதவும் சன்னலும் வைக்கவும் கணவரை வேலை செய்ய வைத்தார். சிற்றன்னை என்றால் கொடுமைக்காரி என்று எழுதிப் பழகிய கதைகளுக்கெல்லாம் மாறாக, தாயில்லாத பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தவர் அவர்.

இனி அந்தப் படிப்பு விவகாரத்துக்கு வருகிறேன். தந்தை மகனைப் படிக்கவிடாமல் தடுத்தார் என்ற குற்றச்சாட்டுக்குப் பெரும்பாலும் டென்னிஸ் ஹாங்க்ஸின் நினைவுகளே ஆதாரம். வேலையை விட்டுவிட்டுப் புத்தகமும் கையுமாக நின்றதற்காகத் தாமஸ் மகனை அடித்ததும் உண்டு என்று அவர் சொன்னார். ஆனால் அதே வீட்டில் இருந்த இன்னொருவரின் சாட்சியமும் நம்மிடம் இருக்கிறது. லிங்கன் கொல்லப்பட்ட 1865-ஆம் ஆண்டு செப்டம்பரில், வழக்கறிஞர் தொழிலில் அவருடைய முன்னாள் கூட்டாளியான வில்லியம் ஹெர்ன்டன், முதுமையில் தளர்ந்திருந்த சாரா புஷ் லிங்கனைச் சந்தித்துக் கேட்டார். தம் கணவர், தவிர்க்க முடிந்தவரை, படிப்பை நிறுத்தச் சொல்லி மகனை எந்த வேலைக்கும் அழைத்ததில்லை என்றும், அந்த வேலையை முதலில் தாமே செய்துவிடுவார் என்றும் அந்த அம்மையார் சொன்னார். அவர் இறந்துபோன கணவரைக் காப்பாற்றுவதற்காகப் பேசினார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இரண்டு சாட்சியங்களும் ஒருசேர உண்மையாகவே படுகின்றன. விதைப்புக்கும் அறுப்புக்கும் ஆள் இல்லாத நாளில் அடித்த கையும், மற்ற நாளில் மகனின் வேலையைத் தான் எடுத்துச் செய்த கையும் ஒரே மனிதருடையதாக இருப்பதை, விவசாய வீட்டில் வளர்ந்த எவரும் அறிவார்கள்.

மகனுக்கு இருந்த மனக்குறையும் பொய்யில்லை. இந்தியானாவுக்கு வந்தபோது எட்டு வயதும் நிரம்பாத தம் கையில் கோடரியைக் கொடுத்தார்கள் என்றும், இருபத்து மூன்றாம் வயதுவரை அது கையை விட்டு இறங்கியதே இல்லை என்றும் அவர் எழுதினார். இருபத்தொரு வயதுவரை மகனின் உழைப்பும் கூலியும் தந்தைக்கே உரியவை என்பது அன்றைய சட்டம். தாமஸ் அவரை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பினார். கூலியைத் தாம் வாங்கிக்கொண்டார். 1828-இல் மாதம் எட்டு டாலர் கூலிக்கு நியூ ஆர்லியன்ஸ்வரை படகில் போய் வந்து, அதையும் அவர் தந்தையிடமே கொடுத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் அக்காள் சாரா பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். வீட்டில் அவருக்கென்று இருந்த பழைய உறவு அவள் ஒருத்திதான்.

தந்தையிடமிருந்து மகனுக்குக் கிடைத்ததாக நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, கதை சொல்லும் திறமை. தாமஸ் கட்டுக்குட்டான உடல்வாகு கொண்டவர். சுற்றியிருப்பவர்களைச் சிரிக்க வைத்துக் கதை சொல்வதில் பெயர் பெற்றவர். வழிப்போக்கரும் அண்டைவீட்டாரும் அடுப்பருகே உட்கார்ந்து பேசும் மாலைகளில், பெரியவர்கள் சொன்னதில் தனக்குப் புரியாததை இரவெல்லாம் புரட்டிப் பார்த்து, தன்னைப் போன்ற சிறுவனுக்கும் விளங்கும் சொற்களில் அமைத்துக்கொள்ளும்வரை தூங்கமாட்டேன் என்று லிங்கன் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. நாட்டையே தம் பேச்சால் கட்டிப்போட்டவரின் முதல் பள்ளி, எழுதத் தெரியாத அந்தத் தச்சரின் திண்ணைப் பேச்சு என்றே நான் கருதுகிறேன். அது மட்டுமன்று, பிஜன் கிரீக் பாப்டிஸ்ட் சபையின் கூடத்தைக் கட்டியதில் தாமஸின் தச்சுக்குப் பங்கு உண்டு, 1823-இல் அந்தச் சபையில் உறுப்பினராகிப் பொறுப்பும் ஏற்றார்.

1830 மார்ச்சில், மீண்டும் பால் நோய் பரவுகிறது என்ற அச்சத்தில், குடும்பம் மாட்டு வண்டிகளில் இல்லினாய்க்குக் கிளம்பியது. டிகேட்டருக்கு மேற்கே ஓராண்டு; காய்ச்சலும் கடும் பனியும் வாட்டின. இருபத்திரண்டு வயதான ஆபிரகாம் 1831-இல் தனிவழி போனார். தாமஸும் சாராவும் கோல்ஸ் கவுண்டிக்குப் போய், சில இடங்கள் மாறி, இறுதியில் கூஸ்நெஸ்ட் பிரெய்ரியில் தங்கினார்கள். கைக்கும் வாய்க்குமான வாழ்க்கை. 1841-இல் வழக்கறிஞராகிவிட்ட மகன், தந்தையின் நிலத்தில் 40 ஏக்கரை 200 டாலருக்கு வாங்கி, பெற்றோர் உயிருள்ளவரை அவர்களே அனுபவித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். உதவியாகவும் இருக்க வேண்டும், நிலம் வேறு கைக்குப் போய்விடவும் கூடாது என்ற கவனத்தோடு செய்த ஏற்பாடு அது.

1848 டிசம்பரில், காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்த மகனிடம் தாமஸ் 20 டாலர் கேட்டுக் கடிதம் எழுதச் செய்தார். நிலம் ஏலத்துக்குப் போகாமல் தடுக்க அந்தப் பணம் வேண்டியிருந்தது. மிக்க மகிழ்ச்சியோடு அனுப்புகிறேன் என்றே பதில் தொடங்குகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, தம் மேல் ஒரு தீர்ப்பு இருப்பதையே ஒருவர் மறந்துபோனது விந்தை என்று வழக்கறிஞர் பேசுகிறார். எழுபது வயதிலும் நீதிமன்றத் தீர்ப்பும் நிலமும் தாமஸை விடவில்லை. 1849-இல் தந்தைக்கு உடல்நலம் குன்றியது என்று கேட்டு மகன் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த கடிதம் 1851 ஜனவரி 12 அன்று எழுதப்பட்டது. தந்தைக்கு அல்ல, சிற்றன்னையின் மகன் ஜான் ஜான்ஸ்டனுக்கு. தந்தை சாகக் கிடக்கிறார் என்று ஜான் இருமுறை எழுதியும் லிங்கன் பதில் போடவில்லை. பயனுள்ள எதையும் எழுத முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். மனைவி பிரசவித்துப் படுக்கையில் இருப்பதால் வர இயலாது என்கிறார். சிட்டுக்குருவி விழுவதையும் அறிகிற, நம் தலைமுடிகளையும் எண்ணி வைத்திருக்கிற இறைவனை அழைக்கச் சொல்லுங்கள் என்று ஆறுதல் சொல்கிறார். பிறகு அந்த வரி வருகிறது: நாங்கள் இப்போது சந்திக்க முடிந்தாலும், அதில் மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுதியாக இருக்குமோ என்று ஐயமாக உள்ளது என்று அவரிடம் சொல்லுங்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் படிக்க ஓடவில்லை. படுக்கையில் கிடந்த கிழவருக்கு அந்த வரியை யாராவது வாசித்துக் காட்டினார்களா, அல்லது இரக்கப்பட்டு விட்டுவிட்டுப் படித்தார்களா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஐந்து நாட்கள் கழித்து, ஜனவரி 17 அன்று, தாமஸ் இறந்தார். மகன் அடக்கத்துக்கு வரவில்லை. தாமஸ் தம் மருமகளையோ பேரப்பிள்ளைகளையோ ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

லிங்கனை இந்தக் கடிதத்துக்காகக் கல்நெஞ்சக்காரர் என்று தீர்த்துவிட எனக்கு மனமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் தம் இரண்டாவது மகன் எட்வர்டைப் பறிகொடுத்திருந்தார். தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1853 ஏப்ரலில், நான்காவது மகன் பிறந்தபோது அவனுக்குத் தாமஸ் என்று பெயர் வைத்தார். டாட் என்ற செல்லப்பெயராலேயே உலகம் அவனை அறியும். பள்ளிப் பதிவேட்டுக்கு மட்டும் உரியதுபோல் பாட்டன் பெயர் பின்னால் நின்றது. ஆயினும் வைத்தது வைத்ததுதான்.

1861 ஜனவரி இறுதியில், தலைவராகப் பொறுப்பேற்க வாஷிங்டனுக்குப் புறப்படும் முன், லிங்கன் சிற்றன்னையிடம் விடைபெறக் கோல்ஸ் கவுண்டிக்கு வந்தார். குளிர்காலப் பாதையில் வண்டியில் போய், தந்தையின் கல்லறையையும் பார்த்தார். அதன்மேல் பெயர் பொறித்த கல் ஏதும் இல்லை. சிற்றன்னை அவரைத் தழுவிக்கொண்டு, இனி உன்னைப் பார்க்கமாட்டேன் என்று அழுததாகச் சொல்வார்கள், அவ்வாறே ஆயிற்று. 1867-இல் மேரி லிங்கன், ஒருமுறையும் பார்த்திராத அந்த மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் கணவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, வரும் கோடையில் தந்தையின் கல்லறைக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல் நட்டு, பெயரும் வயதும் பொறிக்க வேண்டும் என்று தம்மிடம் சொன்னதாக அதில் தெரிவித்திருந்தார். சாரா புஷ் லிங்கன் 1869-இல் இறந்தார். ஷைலோ இடுகாட்டில் தாமஸின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.